பத்துக்கு எட்டு

"பஞ்சு" என்றார் மேஸ்திரி, கண்களை இறுக மூடிக்கொண்டு.

அவருடைய வலது உள்ளங்கையில் எதுவுமே இல்லை. பஞ்சை எடுக்கத்தான் மருமகள் தட்டின் பக்கம் கையை நீட்டியிருந்தாள். தட்டில் பஞ்சைக் காணோம். எதிரே விரிப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையின் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. அவள் பதறிப்போய் விரலை விட்டு அதை வெளியே இழுத்தாள். எச்சிலில் நனைந்து சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்த பஞ்சு. வாயில் இருந்ததைப் பிடுங்கிவிட்ட கோபத்தில் குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"என்னம்மா, பஞ்சுதானே?"

மாமனாரின் மூடிய கண்களையும், விரித்து நீட்டியிருந்த வெறும் கையையும் அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அந்த ஈரப் பஞ்சை ஓசைப்படாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆமா மாமா. பஞ்சுதான்."

அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிச் சிரித்தது. நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக, பத்துக்கு எட்டு என்று அவள் எழுதினாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் பூச்சு வேலை முடிகிற சமயத்தில், சாரத்திலிருந்து இறங்கி வந்து டீ கிளாஸை வாங்கியவர் அதைக் கீழே போட்டார். வேறு கிளாஸ் கொடுத்தார்கள். அதையும் போட்டார். மூன்றாவதை வாங்கக் கை வரவில்லை, வாயும் கோணிவிட்டது. பக்கவாதம் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் சாரத்திலிருந்தே போயிருப்பார், ஆயுசு கெட்டி என்று எல்லோரும் சொன்னார்கள். கால் தேறியது, லேசாக இழுத்து நடப்பதோடு சரி. பேச்சும் வந்துவிட்டது. வலது கை அசைந்தது, மடங்கியது, பிடித்தது. ஆனால் பிடிப்பது என்ன என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தம்ளரைப் பிடிப்பார். பார்வை வேறு பக்கம் போனால் தம்ளர் தரையில் கிடக்கும்.

முப்பத்தைந்து வருஷம் அந்தக் கையால் சோறு தின்ற மனிதர். பூசிய சுவரில் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டினால் போதும், எங்கே நூலளவு மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். ரசமட்டம் பொய் சொல்லும், இது சொல்லாது என்று கையைத் தூக்கிக் காட்டுவாராம். மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகன் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வந்த சொல்பேச்சு கேட்காத விருந்தாளியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர், இதற்கெல்லாம் மெஷின் வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும் என்றார். ஒரு பாத்திரத்தில் அரிசி போட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவணும். கண்ணை மூடிக்கொண்டு சாக்கு, துண்டு, ஸ்பாஞ்சு, காகிதம் எதுவென்று சொல்லணும். ஐஸ் எது, இளஞ்சூடு எது என்று பழகணும். அதே வாரம் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தாள். குழந்தையின் தொடுவுணர்ச்சியும் மூளையும் வளர விலை கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லையாம். ஒரு தட்டில் அரிசியைக் கொட்டிக் குழந்தையின் கையை வைக்கலாம், கூடவே ஆள் இருக்கணும். சொரசொரப்பும் வழுவழுப்புமாக நாலைந்து துணி. மூடியை இறுக்கி ஒட்டிய பாட்டிலுக்குள் கலர் தண்ணீரும் மணிகளும். பைக்குள் ஐஸ் கட்டி. அவள் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். கணவனிடம் காட்டி, "உங்க அப்பாவுக்கும் உங்க பொண்ணுக்கும் ஒரே சிலபஸ்" என்றாள்.

அப்படித்தான் காலை பத்து மணிப் பாடம் ஆரம்பித்தது. பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்று, அதைச் சுற்றி இரண்டு மாணவர்கள். மேஸ்திரி குழந்தையை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அதட்டுவதும், அடுக்கி வைத்ததைத் தட்டிவிடுவதும், ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் வேலை வாங்குவதும் அச்சு அசல் அவர் பார்த்த இன்ஜினியர்கள் மாதிரியே இருக்கிறதாம். குழந்தை முதல் நாள் அரிசியில் கை பட்டதும் சூடுபட்டதுபோல இழுத்துக்கொண்டது. நான்காம் நாள் ஒரு விரலை வைத்தது. பத்தாம் நாள் இரண்டு கையாலும் அள்ளித் தாத்தாவின் மேல் இறைத்தது. சாக்குத் துணியை நகத்தால் சுரண்டி அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தது. பாட்டிலுக்குள் மணி மெதுவாக இறங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. "இன்ஜினியரம்மா பாஸ் ஆயிட்டாங்க. நான்தான் எல்லாத்துலயும் பெயில்" என்பார் மேஸ்திரி. முதலில் அது வேடிக்கையாக இருந்தது.

அந்த முதல் வாரங்களில் அவள் உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். பத்துக்கு இரண்டு. பத்துக்கு ஒன்று. பத்துக்கு இரண்டு. பாடம் முடிந்ததும் அவர் நோட்டை வாங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் பழைய ஆள் ஒருவன் போன் செய்து மேஸ்திரி என்று கூப்பிட்டதற்கு, "இனிமே அப்படிக் கூப்பிடாதே" என்று வைத்துவிட்டார். அடுப்படியில் நின்றவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாவது வாரத்தில் அவர் ஸ்பாஞ்சைச் சாக்கு என்றபோது, அவள் "இன்னொரு தடவை யோசிங்க மாமா" என்றாள். அவர் மாற்றிச் சொன்னார். சொன்னது சரியாக இருந்தது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பிறகு யோசிங்க என்று சொல்கிற தொனியிலேயே விடை இருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர் எதைச் சொன்னாலும், கண்ணைத் திறப்பதற்குள் அவள் அந்தப் பொருளைக் கையில் மாற்றி வைத்துவிடுவாள். பத்துக்கு நாலு, ஐந்து, ஏழு. மேஸ்திரி நேரத்துக்குச் சாப்பிட்டார். தானே முகச்சவரம் செய்துகொண்டார். மாடிப்படியில் இறங்கித் தெருமுனை வரை போய்வந்தார்.

இது வரைக்கும் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்ததை அவளால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பிரசவ லீவு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்காரர், ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், தப்பா நெனச்சுக்காதேம்மா என்றார். காலை எட்டரை முதல் ஒரு மணி வரை அரை நாள் வேலை. கணவனுக்குப் பாட்டில் நிரப்பும் ஆலையில் இரண்டாம் ஷிப்ட்; ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும். கடையிலிருந்து அவள் வீடு வந்துசேர ஒன்றரை ஆகும். இடையில் அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு வீட்டில் ஆள் இருந்தார்.

"அப்பாவை நம்பி விட்டுட்டுப் போலாமா?" என்று கணவன் கேட்டான். குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டே கேட்டதால் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தேறிட்டாருங்க. பத்துக்கு எட்டு சரியா சொல்றாரு" என்றாள் அவள். நோட்டை எடுத்தும் காட்டினாள்.

வேலைக்குப் போன முதல் நாளே ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சூடான எதையும் வலது கையால் தொடாதீங்க, குழந்தை ஈரம் பண்ணினால் துடைத்து மட்டும் வையுங்கள், நான் வந்து கழுவிக்கொள்கிறேன் என்று. இரண்டு வரிதான். பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் பத்துக்கு எட்டு வாங்கியவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் முகம் வாடிப்போகும். நாளைக்குச் சொல்லலாம், வேறு மாதிரிச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பதின்மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. அவள் கதவைத் திறக்கும்போது தாத்தாவும் பேத்தியும் அந்தத் தட்டைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

பதினான்காம் நாள் கடையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒருவர் வாங்கிய மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார். பத்து நிமிஷம் தாமதம். வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியபோது மேலேயிருந்து அந்த அலறல் கேட்டது. பசிக்கு அழுவது, தூக்கத்துக்கு அழுவது, விழுந்ததற்கு அழுவது எல்லாம் ஒரு தாய்க்குத் தெரியும். இது அவள் கேட்டே இராத சத்தம். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

குளியலறையில் மேஸ்திரி இடது கையால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். குழந்தையின் இரண்டு பாதங்களும் கணுக்கால் வரைக்கும் செக்கச்செவேல் என்றிருந்தன. கீழே பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. "வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சும்மா" என்றார் அவர். "கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் எறக்கினேன். நல்லா ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன்." குழந்தை மலம் கழித்து முதுகு வரை அப்பிக்கொண்டிருக்கிறது. அவள் வரக் காணோம் என்று அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறார். தொட்டியில் ஊற்றி ஒரு கப் பச்சைத் தண்ணீரை விட்டிருக்கிறார். இடது கையில் குழந்தை. சோதித்தது வலது கையால். தொட்டியில் நிற்க வைத்ததும் அழுதது; தினமும் தண்ணீர் பட்டதும் அழுகிற குழந்தைதானே என்று இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலுறை போட்டதுபோல இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் ஒரு கோடு. யார் தண்ணீரில் இறக்கியது என்று அவளிடம் கேட்டாள். வெளியே போய் மேஸ்திரியிடம் கேட்டாள். ஆலையிலிருந்து ஓடிவந்த கணவனிடமும் கேட்டாள். இந்த மாதிரிக் கோடு விழுந்திருந்தால், யாராவது வேணும்னே முக்கிப் பிடித்தார்களா என்று நாங்கள் கேட்டுத்தான் ஆகணும் என்றாள். சாயங்காலம் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து பைலோடு ஒரு அம்மாள் வந்து அதையே முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அவருக்குக் கையில உணர்ச்சி கம்மி. தேறிட்டாருன்னு நெனச்சோம்" என்றாள் அவள்.

நெனச்சோம். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. ஒரே சொல்லில் வீட்டில் இருந்த எல்லோரையும் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் கையைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, "பெரியவரே, கை என்ன ஆச்சு?" என்றாள். அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். புறங்கை முழுக்கக் கொப்புளம். நடுவிரலில் ஒன்று உடைந்து நீர் வேட்டியில் வடிந்திருந்தது. ஆறு மணி நேரமாக அதே கையை முட்டியின் மேல் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்.

கணவன் அந்தக் கையைப் பார்த்தான். அவன் அப்பாவைத் திட்டி அவள் கேட்டதில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான். மேஸ்திரி, "தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சுப்பா" என்றார். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீதானே தினமும் பார்த்த? சரியா சொன்னாருல்ல?"

"சரியாத்தான் சொன்னாரு" என்றாள் அவள்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிப்பார்கள். அறைக்குள் அவளை விட மாட்டார்கள்; கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தோல் ஒட்டுப்போட வேண்டி வராது, வடு இருக்கும், நடை பழகும்போது பார்க்கணும் என்றார்கள். வீட்டுக்கு வந்த குழந்தை கட்டுப்போட்ட கால்களை நீட்டியபடி உட்கார்ந்தது. அரிசித் தட்டை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. யாராவது கையைப் பிடித்தாலே வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மேஸ்திரி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. கணவன் தன் அக்காவிடம் பேசி முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், கணவன் ஷிப்டுக்குப் போன பிறகு, அவள் மாமனாரின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. இரண்டு வாரமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. சொல்லாவிட்டால் இந்த மனிதர் பேத்தியைத் தானே வேக வைத்தோம் என்ற நினைப்போடு போவார். சொன்னால், தேறிவருகிறோம் என்ற அந்த ஒரு நம்பிக்கையும் இல்லாமல் போவார். இரண்டில் எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலாவது சட்டையை மடித்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, அந்தப் பத்துக்கு எட்டு நானாவே போட்டது."

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்னதுல பாதிக்கு மேல தப்பு. நான் மாத்தி வெச்சு, சரின்னு எழுதிட்டேன். மூணாவது வாரத்துல இருந்தே."

கூடத்தில் குழந்தை ஏதோ ஒரு டப்பாவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பஞ்சு?" என்றார் கடைசியில்.

"கையில ஒண்ணுமே இல்ல மாமா."

"எனக்குப் பஞ்சு மாதிரியே இருந்துச்சும்மா" என்றார் அவர். "பொய் சொல்லல. நெசமாவே மெத்துனு இருந்துச்சு."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. கட்டுப்போட்ட கையை இடது கையால் தூக்கி, யாருடையதோ ஒரு பொருளை ஓரமாக எடுத்து வைப்பதுபோல மடியிலிருந்து கட்டிலின் மேல் வைத்தார். "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "சொல்லாதே" என்றார். அது அவளைக் காப்பாற்றச் சொன்னதா, அல்லது தான் பத்துக்கு இரண்டுதான் என்பது மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதா, அவளால் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட அவள் போனபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஐந்து மாதமாக அவள்தான் போட்டுவிடுவாள். இடது கையால் ஒவ்வொன்றாக, கண்ணை எடுக்காமல், நெற்றியில் வியர்வை துளிர்க்கப் போட்டார். ஒன்று தவறி, சட்டையின் ஒரு பக்கம் கீழே இறங்கித் தொங்கியது. அப்படியே படியிறங்கிப் போய் வண்டியில் ஏறினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஜன்னலில் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்துக் கடைசிக் கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கு இருவரையும் உள்ளே விட்டார்கள். ரோஜா நிறத்தில், நனைந்த காகிதம்போல மெல்லிய புதுத் தோல். வயதான நர்ஸ் ஒருத்தி குழந்தையின் உள்ளங்காலைப் பேனா முனையால் லேசாகக் கீறினாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டு வீரிட்டது. அடுத்த காலிலும் கீறினாள். இன்னும் பலமாக வீரிட்டது.

"அழட்டும், அழட்டும். நல்லாத் தெரியுது பாருங்க. நரம்புக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் நர்ஸ்.

வெளியே வந்து மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது கணவன் தன் போனை எடுத்தான். அப்பா போன நாளிலிருந்து அவன் அவரிடம் பேசவில்லை, அக்காவிடம்தான் விசாரிப்பான். அப்பாவின் எண்ணைத் தேடி அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியதும் என்ன நினைத்தானோ, போனை அவளிடம் நீட்டினான்.

"நீயே பேசு. கால் நல்லா இருக்குன்னு சொல்லு" என்றான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என்கிட்டன்னா ஒண்ணும் பேச மாட்டாரு. நீதானே அவரை நல்லாப் பார்த்துக்கிட்ட" என்றான்.

குழந்தை விசும்பி ஓய்ந்து அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. போனின் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்கள். குரல் வரவில்லை. எதுவோ கை தவறித் தரையில் விழும் சத்தம். பிறகு அதைத் தேடித் தரையைத் துழாவும் சத்தம். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அவனுக்கும் தனக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்து, பேசப்போவதை அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.